கியோட்டோவில் பாசித் தோட்டம்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

மார்த்தாண்டம் கடைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் என் கடையில் பிளீச்சிங் பவுடரும் கம்பி பிரஷ்ஷும் நிற்காமல் விற்கும். முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவரின் வீட்டுக்காரர்கள் மறுநாளே வந்து நிற்பார்கள். பாசியை ஒழித்துப் பிழைப்பவன் நான். என்னிடம் போய் ஒசாகாவில் இருக்கும் தங்கை, "அண்ணா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, கியோட்டோவில் ஒரு பாசித் தோட்டம் இருக்கிறது, காட்டுகிறேன்" என்கிறாள். சைஹோஜி என்று கோவிலின் பெயர். நுழைவுக்கு ஆளுக்கு 4,000 யென்னாம். நம் பணத்தில் இரண்டாயிரத்துக்கு மேல்.

எனக்கு உள்ள குழப்பங்களைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. முழங்கால் வலி, படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவார். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கோவிலில் தோட்டத்துக்குள் விடுவதற்கு முன்னால் புத்த மந்திரம் எழுதச் சொல்வார்கள் என்று தங்கை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை ஒருமுறைகூடத் தவறவிடாத அம்மாவின் முகம் அன்றிலிருந்து சரியில்லை. என் மகளுக்கு ஐந்து வயது, அவளும் வருகிறாள். ஜூன் கடைசியில் போகலாமா, நவம்பரில் போகலாமா என்பதும் முடிவாகவில்லை. ஜூன் என்றால் அங்கேயும் மழைக்காலம் என்கிறார்கள். மழையிலிருந்து கிளம்பி மழைக்கே போவதா?

உண்மையாகவே பார்த்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காசு கொடுத்துப் பார்க்கிற அளவுக்குப் பாசியில் என்ன இருக்கிறது?

கீரிப்பாறை வாசி

அண்ணாச்சி, அம்மாவை ஒரு ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்ததும் கீரிப்பாறைக்குக் கூட்டி வாருங்கள். நாகர்கோவிலிலிருந்து பஸ் இருக்கிறது. காளிகேசம் போகும் வழியில் ஓடைப் பாறைகளைப் பாருங்கள், ரப்பர் மரங்களின் பட்டையைப் பாருங்கள், பச்சைக்குப் பஞ்சமே இல்லை. மந்திரம் எழுத வேண்டாம், விசா வேண்டாம். ஜப்பான்காரன் மழையை அதிகமாக வைத்திருக்கிறான், அதனால் பாசியும் அதிகம், அவ்வளவுதான். மிச்சமாகும் பணத்தில் அம்மாவுக்கு முழங்கால் வைத்தியம் பாருங்கள்.

குலசேகரம் டீச்சர்

கீரிப்பாறைத் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, கடைக்காரத் தம்பியிடம் வருகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பதினொன்றாம் வகுப்புக்கு ஃபுனேரியா என்ற பாசியின் பாடம் நடத்தும்போது மாதிரி தேடி எங்கும் அலைந்ததில்லை, பள்ளிச் சுற்றுச்சுவர் போதும். அதனால் நம் ஊர்ப் பாசியைக் குறைத்துப் பேசுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மழை அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. கியோட்டோவில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் பெய்கிறது. நம் மாவட்டத்தின் சராசரியும் அதை ஒட்டித்தான் இருக்கிறது, கோதையாற்றின் மேல்பகுதியில் அதைவிட அதிகம். வித்தியாசம் வெப்பத்தில் இருக்கிறது. பாசி பகலில் வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது, இரவில் சுவாசித்து அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. நம் சமவெளியில் இரவும் புழுக்கமாக இருப்பதால் அந்தச் செலவு கூடிவிடுகிறது, சேமிப்புக்கு மிச்சம் குறைவு. அதனால்தான் குலசேகரத்தில் சுவரோரம் திட்டுத் திட்டாகக் காண்பதை மேலே மாறாமலைப் பக்கம் போனால் மரம் முழுக்கப் போர்த்தியபடி காண்கிறோம். இதோடு இன்னொன்றும் சேருகிறது. நம் மண்ணில் ஒரு வாரம் விட்டால் புல்லும் தொட்டாற்சுருங்கியும் மேலே ஏறி மூடிவிடும். பாசிக்கு வேர் கிடையாது, உயரம் கிடையாது, போட்டி போட்டு ஜெயிக்கும் சாதியே இல்லை அது. வேறு செடிக்குப் பிடிக்காத இடத்தில்தான் அது தங்கும். இல்லையென்றால் மற்றவற்றை யாராவது தினமும் அகற்றிக்கொடுக்க வேண்டும்.

இந்த அகற்றிக்கொடுக்கிற வேலையைப் பார்க்கத்தான் சைஹோஜிக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

மகன் ஒசாகாவில் வேலையில் இருந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் ஜூலை முதல் வாரத்தில் போனோம். கியோட்டோவின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் ஓர் ஓடைப் பக்கமாக இருக்கிறது கோவில். ஊரே மூன்று பக்கம் மலை சூழ்ந்த பள்ளம், அதில் இந்த மூலை இன்னும் ஈரம். வாசலில் கடைகளின் சத்தமோ வழிகாட்டிகளின் கூச்சலோ இல்லை. முன்பதிவில் குறித்த நேரத்துக்கு வந்த சிலர் மட்டும் குடையோடு நின்றிருந்தோம்.

தோட்டத்தின் கதை தம்பியின் தொழிலுக்கு மிகவும் பொருத்தமானது. 1339-இல் முசோ சொசெகி என்ற ஜென் துறவி, பாழடைந்திருந்த பழைய கோவிலை எடுத்துப் புதுப்பித்தார். கீழே குளத்தைச் சுற்றி ஒரு தோட்டம், மேலே மலைச்சரிவில் வெறும் பாறைகளால் ஆன ஒரு தோட்டம். குளம் ஜப்பானிய எழுத்தில் 'மனம்' என்பதன் வடிவில் வெட்டப்பட்டது என்பார்கள். சுற்றி வரும்போது அது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பின்னாளில் வெள்ளி மண்டபம் என்று புகழ்பெற்ற மாளிகையைக் கட்டிய ஷோகன், அதாவது ராணுவ ஆட்சியாளன், யொஷிமசா இங்கே அடிக்கடி வந்து, இதைப் பார்த்தே தன் தோட்டத்தை அமைத்தான். இவ்வளவு பெரிய பெருமை உள்ள தோட்டத்தில் முசோவின் காலத்தில் பாசி பேசும்படியாக இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் கோவில் எரிந்தது. பிறகு வெள்ளம் வந்து அழித்தது. பராமரிக்கப் பணம் இல்லாமல் போனது. அப்படிக் கவனிப்பாரற்றுக் கிடந்த காலத்தில் நிழலும் ஈரமும் களிமண்ணும் சேர்ந்து பாசி தானாக ஏறிவிட்டது. யாரும் நடவில்லை. அப்போது அங்கே ஒரு பெயிண்ட் கடை இருந்திருந்தால் சுரண்டி எடுத்திருப்பார்கள்!

ஆனால் தானாக வந்தது தானாகவே நிற்காது. நாங்கள் போன அன்று காலை தூறல் விட்டிருந்தது. ஒரு முதியவர் நீள மூங்கில் வாரியலால் பாசியின் மேல் விழுந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நம் வீட்டுப் பெண்கள் முற்றம் பெருக்குவது மண்ணைக் கீறிக்கொண்டு போகிற பெருக்கல். அவருடைய வாரியலின் நுனி மட்டும் தொட்டும் தொடாமலும் போனது. இலை நகர்ந்தது, பாசி அசையவில்லை. சற்றுத் தள்ளி ஒரு பெண் குந்தியிருந்து புல்லை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். இலை கிடந்தால் அதன் அடியில் வெளிச்சம் இல்லாமல் பாசி அழுகிவிடும், புல் ஏறினால் மூடிவிடும். 35,000 சதுர மீட்டர் தோட்டம், கிட்டத்தட்ட எட்டே முக்கால் ஏக்கர். அதை ஆண்டு முழுவதும் இப்படிச் செய்கிறார்கள். நான் குளத்தைப் பார்த்ததைவிட அவர்களைப் பார்த்ததுதான் அதிகம். வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார்.

120 வகைப் பாசிகள் இருக்கின்றன என்று கோவிலில் சொல்கிறார்கள். அவ்வளவையும் பிரித்தறிய எனக்கு முடியாது. ஆனால் நாலைந்தை யாருமே அறியலாம். நிமிர்ந்து குட்டி ஊசியிலை மரம்போல நிற்பது சுகிகொகெ. மரத்தடியில் வெளுத்த பச்சையில் மெத்தையாக உருண்டு நிற்பது இன்னொன்று. காய்ந்த நேரத்தில் சுகிகொகெ தன் இலைகளைத் தண்டோடு ஒட்டிக்கொண்டு பழுப்பாக நிற்கும், செத்துவிட்டது என்றே நினைப்போம். நீர் பட்டதும் மடக்கிய குடை விரிவதுபோல இலைகள் பிரியும், சில நிமிடங்களில் பச்சையாகிவிடும். பாசி தண்ணீரை வேரால் உறிஞ்சுவதில்லை, இலையின் மேற்பரப்பாலேயே குடிக்கிறது. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஒரு செல் அடுக்குத்தான். கியோட்டோப் பகுதியின் மழைக்காலம் ஜூன் முதல் வாரவாக்கில் தொடங்கி ஜூலை மூன்றாம் வாரம் வரை போகும், பாசி முழுப் பச்சையில் இருப்பது அப்போதுதான். அதனால் தம்பி, மழையிலிருந்து மழைக்குத்தான் போக வேண்டும். நவம்பரில் மேப்பிள் இலைகள் சிவந்து பாசிமேல் விழும், படத்துக்கு அழகு, கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. அது இலை பார்க்கிற பருவம்.

4,000 யென் விஷயம். 1928 முதல் இந்தக் கோவிலை எல்லோருக்கும் திறந்துவைத்திருந்தார்கள். பஸ் பஸ்ஸாக ஆள் வந்து, பாசி மிதிபட்டு, சுற்றுப்புறத்தவருக்கும் தொந்தரவாகி, 1977 ஜூலையில் பொதுப் பார்வையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற்றவர்கள் மட்டும். நம் ஊரில் ஓர் அருவிக்குக் கூட்டம் கூடினால் முதலில் கார் நிறுத்துமிடத்தை அகலமாக்குவோம். அவர்கள் ஆளைக் குறைத்தார்கள். ஆகவே நீங்கள் கொடுக்கும் காசில் பாதி அங்கே இருக்கும் பாசிக்கு, மீதி அங்கே வராத கூட்டத்துக்கு. எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டுக்காரருக்கு இன்றும் படவில்லை.

இனி அம்மாவின் காரியம். என் வீட்டுக்காரர் சி.எஸ்.ஐ. சபையில் பல வருடம் கமிட்டியில் இருந்தவர். பிரதான மண்டபத்தில் தாழ்ந்த மேசை முன்னால் உட்காரவைத்து ஒரு தாளும் தூரிகைப் பேனாவும் தருவார்கள். மங்கலாக அச்சிட்ட எழுத்துகளின் மேலேயே தடவி எழுத வேண்டும். கடைசியில் ஒரு வேண்டுதல், பெயர், முகவரி. எழுதியதைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வரலாம். வாய் திறந்து எதையும் சொல்லச் சொல்வதில்லை, பிரசங்கமும் இல்லை. என் வீட்டுக்காரர் எழுத்துகளைக் கோலம் வரைகிற பொறுமையோடு தடவினார், வேண்டுதல் இடத்தில் தமிழில் பேரனுடைய சுகத்துக்காக இரண்டு வரி எழுதினார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். மனக்கசப்போடு நுழைந்து எட்டே முக்கால் ஏக்கர் நடப்பது யாருக்கும் நல்லதல்ல.

கருங்கல் டு ஒசாகா

டீச்சர் பாசிக்கு வழக்கறிஞர். நான் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். பல வருடமாக இங்கே மருத்துவமனை வேலை. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைச் சுற்றிக்காட்டுவது என்னுடைய இரண்டாவது வேலை.

கடைக்கார அண்ணன் கவனிக்க: சைஹோஜிக்குள் சின்னக் குழந்தைகளை விடுவதில்லை. ஐந்து வயது மகளோடு வாசலுக்குப் போய்த் திரும்பாதீர்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க வேண்டும். பக்கத்திலேயே சுசுமுஷிதெரா இருக்கிறது, வருடம் முழுவதும் கண்ணாடிப் பெட்டிகளில் பூச்சிகளைப் பாட வைத்திருக்கும் கோவில். ஆனால் அங்கேயும் படிகள் உண்டு, பிக்குவின் பேச்சு ஜப்பானிய மொழியில்தான். முன்பெல்லாம் பதில் அட்டை இணைத்த தபால் அட்டை அனுப்பித்தான் சைஹோஜிக்கு இடம் வாங்க வேண்டும். 2021 முதல் இணையத்திலேயே பதிவு செய்யலாம். கட்டணம் முன்பு 3,000 யென், பிறகு ஏறியது, பதிவு செய்யும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார முடியாது என்றால் அதையும் முன்கூட்டியே தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள். மேல் தோட்டத்துக்கு ஏற விட்டாலும் அது கல் படிகள், மழையில் வழுக்கும், அம்மா கீழே குளத்தைச் சுற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால் உங்கள் குடும்பத்துக்கு ஜியோஜி என்ற சின்னக் கோவில்தான் சரி. கியோட்டோவின் மேற்குப் பக்கம் அரஷியாமாவில் எல்லோரும் மூங்கில் காட்டில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிற இடத்திலிருந்து மேலே உள்ளே நடந்தால் வரும். சில நூறு யென்தான். மந்திரம் எழுதுவது இல்லை. ஒரு கூரை வேய்ந்த குடில், முன்னால் மேப்பிள் மரங்கள், அடியில் பாசி, ஒரு சின்னச் சுற்றுப் பாதை. பாசி வகைகளைத் தட்டுகளில் பெயரோடு வைத்திருப்பார்கள், டீச்சர்மாருக்குக் கொண்டாட்டம்.

அம்மாவுக்குக் கதை பிடிக்குமா? ஜியோ என்பவள் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆட்டக்காரி. அன்றைக்கு நாட்டையே ஆட்டிவைத்த தைரா கியொமொரியின் பிரியத்துக்குரியவள். ஹொதொகெ என்ற சின்னப் பெண் ஆட வந்து நின்றாள், வெளியே அனுப்பச் சொன்னான். ஜியோதான் பாவம் ஒருமுறை ஆடட்டும் என்று பரிந்து பேசினாள். ஆடி முடித்ததும் அவன் மனம் அங்கே போய்விட்டது, ஜியோவை வெளியேற்றினான். அவள் அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்து தலையை மழித்துத் துறவியானாள். ஓர் இரவு கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஹொதொகெ, அவளும் மொட்டைத் தலையோடு. "உனக்கு நடந்தது நாளை எனக்கும்தானே" என்று வந்துவிட்டாளாம். நான்கு பெண்களின் மரச்சிலைகளும் குடிலுக்குள் இருக்கின்றன. கியொமொரிக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். அவனை ஏன் உள்ளே விட்டார்கள் என்று என் அத்தை கோபப்பட்டார்.

குழந்தைக்காக ஒரு நாள் ஒஹாரா என்ற ஊருக்கும் போகலாம். கியோட்டோ நிலையத்திலிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். சான்சென்இன் கோவிலில் பாசிக்குள்ளிருந்து குட்டிக் கல் பொம்மைகள் எட்டிப் பார்க்கும், ஒன்று கன்னத்தில் கை வைத்துப் படுத்திருக்கும். உங்கள் மகள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஏற்றம்தான், ஆனால் வழி நெடுகக் கடைகள், அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து வரலாம். ஊறுகாய்க் கடைகளில் சுவைக்கக் கொடுப்பார்கள். நாரத்தங்காய் ஊறுகாயை எதிர்பார்த்து வாயில் போடாதீர்கள்.

கீரிப்பாறை வாசி

டீச்சர் இரவுச் சுவாசம்வரை போவார் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த வாரியல் வேலையை நம் ஊரில் ஒரு பத்து சென்ட் நிலத்தில் செய்தால் வருமா, வராதா?

குலசேகரம் டீச்சர்

உங்கள் கீரிப்பாறையில் ஓடைக்கரை நிழலில் வரலாம், என் வீட்டு முற்றத்தில் வராது. கோடை வெயில் இரண்டு மணி நேரம் நேராக விழாத இடமாக இருக்க வேண்டும், கோழி நுழையக் கூடாது. கோழி ஒரே காலையில் எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிடும். முக்கியமாக, தினமும் பெருக்க ஆள் வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டவே ஆள் கிடைக்காத காலத்தில் பாசி பெருக்க யாரைக் கூப்பிடுவீர்கள்?

ஜியோஜியைப் பற்றிக் கருங்கல் தம்பி சொன்னதை மறுக்கவில்லை. நல்ல இடம். ஆனால் அது நின்று பார்த்துவிட்டு வருகிற அளவு. சைஹோஜியில் நடக்க நடக்க ஒரு பச்சை இன்னொரு பச்சையாக மாறிக்கொண்டே போகும், மேலே மலைச்சரிவில் தண்ணீரே இல்லாத பாறை அருவி. குழந்தை இல்லாமல் போகிறவர்கள் அதை விடக் கூடாது.

மார்த்தாண்டம் கடைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மந்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பெண் குந்தியிருந்து புல் பிடுங்குகிறாளே, அவளுக்கு என்ன வயதிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஆட்டக்காரியின் கதைக்கு, "அவனுக்கு எதற்குச் சிலை?" என்றார், கருங்கல் தம்பியின் அத்தை சொன்னதேதான்.

ஜூன் கடைசி என்று முடிவு செய்துவிட்டோம். ஜியோஜி, ஒஹாரா எல்லோரும் சேர்ந்து. சைஹோஜிக்கு நானும் அம்மாவும் மட்டும், மகள் தங்கையோடு இருப்பாள். மண்டப வாசல்வரை போன பிறகு எழுதுவதா வேண்டாமா என்று அம்மாவே தீர்மானிக்கட்டும். எழுதாவிட்டால் தோட்டத்துக்குள் விடுவார்களா என்பதைத் தங்கை கோவிலுக்கு எழுதிக் கேட்கிறாள். இன்னொரு கேள்வி: மழையில் கால் வழுக்காமல் இருக்க எந்த மாதிரிச் செருப்பு? ரப்பர் செருப்பு போதுமா?

கருங்கல் டு ஒசாகா

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். பிடிமானம் உள்ள ஷூ, எளிதில் கழற்றி மாட்டுகிற மாதிரி. மண்டபத்துக்குள் போகும்போது கழற்ற வேண்டும், குனிந்து கயிறு கட்ட அம்மாவால் முடியாது. காலுறை இரண்டு ஜோடி கூடுதலாகக் கொண்டுவாருங்கள், ஈரக் காலோடு பாய் விரித்த தரையில் நடப்பது இங்கே மரியாதை இல்லை. அப்படியே எனக்கு ஒரு பாக்கெட் நேந்திரங்காய் உப்பேரி.

குலசேகரம் டீச்சர்

அந்தப் பெண்ணுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். முழங்காலுக்கு உறை போட்டிருந்தார்.